கால வழு

பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து வாசிக்க வேண்டும்
என்று தெரியாத நாட்களில்
சிவப்பைக் கண்டதும் மூடிவிட்டுப் படுத்துவிடுவேன்.
பதினேழாம் வரியில் அடைப்புக்குறி மூடவில்லை என்று
பாவம், அது விரல் நீட்டித்தான் சொல்லியிருக்கிறது.

இது அப்படியல்ல.
சிவப்பு இல்லை.
ஓடியது, முடிந்தது, எண்பது என்றது.
என் கொப்பியில் எண்பத்தொன்று.

வினிப்பெக், நவம்பர்,
சார்ஜென்ட் அவென்யூவில் லோண்ட்ரிக்கு மேல் ஒற்றை அறை.
பாண் தொழிற்சாலையில் இரவு வேலை:
பதினொன்றுக்கு உள்ளே, ஏழுக்கு வெளியே.
மணிக்கொரு வண்டி பாண் அடுப்பைவிட்டு வரும்.
வண்டிக்கொரு கோடு கிழிப்பேன், பக்கத்தில் நேரம்.
சம்பளத் துண்டைச் சரிபார்க்க
நானே எழுதிய முதல் நிரல்,
நாற்பத்திரண்டு வரி.

முதல் இரவு
ஒரே மூச்சில் ஆறு இடத்தைத் திருத்தினேன்.
எண்பது எழுபத்தாறாயிற்று,
பிறகு தொண்ணூறு, பிறகு மைனஸ் பதினாறு.
எது எதைக் கெடுத்ததென்று எனக்கே தெரியவில்லை.
நல்லவேளை, பழைய பிரதி ஒன்று வைத்திருந்தேன்.
பொய். மரிசெலுக்குப் பீற்றிக்கொள்ள அனுப்பிய
மின்னஞ்சலில் கிடந்தது.

மறுநாள் ஒன்றை மட்டும் தொட்டேன்.
ஓட்டினேன், பார்த்தேன், எழுதிவைத்தேன்.
தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலை முன்னால் வைத்து
வரி வரியாக விளங்கப்படுத்தினேன்:
இதிலே வந்த நேரம், இதிலே போன நேரம்,
நள்ளிரவு தாண்டினால் இருபத்துநாலைக் கூட்டு.
பிழை இருக்கும் இடத்தில் நாக்குத் தடுக்குமாம்.
எங்கும் தடுக்கவில்லை.
போத்தலும் ஒத்துக்கொண்டது.

பிறகு பாதியாக வெட்டினேன்.
முதல் கிழமை நாற்பது, கொப்பியிலும் நாற்பது.
அதை விடு.
இரண்டாம் கிழமை நாற்பது, கொப்பியில் நாற்பத்தொன்று.
அங்கேதான் ஒளிந்திருக்கிறாய்.
வரிக்கு வரி நடுவே
‘இப்போது உன் கையில் என்ன?’ என்று
அச்சிடச் சொன்னேன்.
செவ்வாய் எட்டு. புதன் எட்டு. வியாழன், வெள்ளி எட்டு.
சனி: வந்தது பதினொன்று, போனது ஏழு, எட்டு.
கொப்பியில் ஒன்பது கோடு.

என்னைத்தான் முதலில் சந்தேகித்தேன்.
நித்திரைத் தூக்கத்தில் ஒன்று கூடக் கிழித்திருப்பேன்.
விரல் வைத்து வாசித்தேன்:
பன்னிரண்டு,
ஒன்று,
ஒன்று,
இரண்டு, மூன்று...

மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பிய இரவு!
டேரல் கதிரையில் ஏறி முள்ளை நகர்த்தினான்.
ஒரு மணி இலவசம் என்று மரிசெல் கைதட்டினாள்.
நானும் சிரித்தேன்.
அந்த இலவசத்தில்
ஒரு வண்டி பாண் வெந்தது.

நிரல் சொன்னதைச் செய்தது, பாவம்.
இரண்டு ஒரு மணி இருக்கும் என்று
நான் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் மனனம் செய்த ஏழு வழுவில்
எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான்.
‘நேற்று வருவான்’ என்று கரும்பலகையில் எழுதி,
இது கால வழு, திருத்து என்றார்கள்.
வழுவமைதி என்றும் ஒன்று உண்டு:
குற்றம்தான், ஆனாலும் ஏற்றுக்கொள்.

சம்பளத் துண்டை விரித்தேன்.
எண்பது.
அவர்களுடைய நிரலிலும் என்னுடைய அதே வழு.
எழுதியவனுக்குக் கோடு கிழிக்க வண்டி வந்திராது.

என்னுடையதைத் திருத்தினேன். எண்பத்தொன்று.
உடனே சந்தோஷப்படக் கூடாது,
திருத்தியதை உடைத்துப் பார்க்க வேண்டும்:
மார்ச்சில் முள்ளை முன்னுக்குத் தள்ளும் இரவைக் கொடுத்தேன்.
ஏழு என்றது.
அன்றைக்கு நின்றவர்கள் எட்டு வாங்கியிருப்பார்கள்.
நான் சேர்ந்தது ஜூனில்.
மரிசெலுக்கு இது ஆறாவது வருஷம்,
அவள் கணக்குத் தானாகவே நேராகிவிடும்.

கொஞ்ச நேரம் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏற்றுக்கொள் என்பதுபோல் இருந்தது
எண்ணெய்க்குள் அது கிடந்த விதம்.

கொப்பியைப் படம் பிடித்தேன்,
ஒன்று, ஒன்று தெளிவாகத் தெரிகிற மாதிரி.
டேரலுக்கு எழுதத் தொடங்கினேன்:
அன்றிரவு இருபத்து மூன்று பேர் நின்றோம்.
மார்ச்சையும் எழுதினேன்.